நஷ்ட ஈடு எந்த வகை வருமானம்

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுப் பத்திரப் பதிவு. செவ்வாய்க்கிழமை காலை பணம் எடுக்க வங்கிக்குப் போனபோதுதான், கணக்கு முடக்கப்பட்டிருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

“பணம் இருக்குங்க. ஆனா எடுக்க முடியாது” என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்.

“இருக்குங்கறீங்க, எடுக்க முடியாதுங்கறீங்க. என்னம்மா அர்த்தம் அதுக்கு?”

“வரி ஆபீஸ்ல இருந்து உத்தரவு வந்திருக்கு. ஏன்னு அவங்களத்தான் கேக்கணும்.”

அந்தப் பெண் ஒரு தாளை அச்செடுத்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாகத் தள்ளினாள். மேலே அவள் கணவனின் பெயர். கீழே ஒரு நீண்ட எண். நடுவில் ஒரே ஒரு வரி: ‘பெறப்பட்ட தொகை எந்த வகை வருமானம் என விளக்கம் அளிக்கப்படும் வரை.’

அவள் அதை மூன்று முறை படித்தாள். வருமானமாம். மூன்று வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனுக்கு என்ன வருமானம்?

அவள் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அவள் கணவன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் பதினேழு வருடம் வேலை பார்த்தவன். தெருவில் எல்லோருக்கும் அவன் வாத்தியார்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தபடி சிக்னலில் காத்திருந்தபோது, பின்னால் வந்த சரக்கு வேன் நிற்காமல் வந்து ஏறியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கினாள். பக்கத்து இருக்கையிலிருந்த வாத்தியாருக்கு முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் சொன்னபடி கேட்கவில்லை.

அவர்கள் குடியிருந்தது நான்காவது மாடி. எழுபத்திரண்டு படி. லிப்ட் கிடையாது. இந்த மூன்று வருடத்தில் அவன் கீழே இறங்கியது பதினோரு முறை. பதினோரு முறையும் ஆஸ்பத்திரிக்குத்தான். நாற்காலியில் உட்கார வைத்து, பெல்ட்டால் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். இரண்டாவது மாடிப் பிளம்பர் எப்போதும் கீழ்ப்பக்கம் பிடிப்பான், பாரம் அங்கேதான் அதிகம் என்பதால். போன வருடத்திலிருந்து அவன் ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தான். “மூட்டை தூக்கற மாதிரி தூக்கறாங்க. போதும்” என்றான். கட்டிலைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னான். ஜன்னல் வழியாகத் தெரிவதெல்லாம் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் கொஞ்சம் வானமும்தான். அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதாம்.

பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மழை வருமா என்று கேட்பதுபோல, “அந்த ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் இருக்கும்?” என்று கேட்டான்.

அவள் அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள். மறுநாள் வேலைக்குப் போகும் முன் ஜன்னல் கொக்கியில் இரும்புக் கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. வந்த வாரமே அவள் வீடு தேடக் கிளம்பினாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, தரைத்தளம். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு படிகூட இல்லை. அவள் அந்த வாசலில் நின்று, குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாள். வீட்டை விற்பவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் பணத்தை மீதித் தொகைக்கென்று அப்படியே விட்டுவைத்து, தங்கள் சேமிப்பிலிருந்த கடைசித் துளியையும் துடைத்து முன்பணம் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் வீடு இன்னொருவருக்கு.

*

செவ்வாய் மத்தியானம் வரி அலுவலகத்தில் டோக்கன் தீர்ந்துவிட்டது. புதன்கிழமை கதவு திறக்கும் முன்பே போய் நின்றாள். அவளைக் கூப்பிட்ட அதிகாரி அவள் வயதுடைய பெண்தான். கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தாள், மேஜையில் பாதி குடித்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

“மேடம், அது விபத்துல வந்த காசு. அவருக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. காலு போனதுக்கு வரி கட்டணும்னா எங்க போய்ச் சொல்றது?”

“கத்தாதீங்க. உக்காருங்க.” அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைத் திறந்தாள். “உடம்புக்கு வந்த சேதத்துக்குக் குடுக்கறது வருமானம் இல்ல. போனதுக்கு ஈடு, அவ்வளவுதான். அதுக்கு ஒரு காசு வரி கிடையாது.”

அவளுக்கு மூச்சு வந்தது. “அப்புறம் என்ன?”

“கேஸ் இழுத்தடிச்சதுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி வட்டி போட்டுக் குடுத்திருக்கு. வட்டி வருமானம். அதுக்கு மட்டும் வரி உண்டு. சின்னத் தொகைதான்.”

“அதைக் கட்டிடறேன். இப்பவே எழுதிக் குடுக்கறேன். கணக்கைத் திறந்து விட்டுடுங்க மேடம், நாளன்னைக்கு எனக்கு வீடு பதிவு.”

“வட்டிக்காக யாராவது முழுக் கணக்கையும் முடக்குவாங்களா?” அதிகாரி ஒரு தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். “இங்க பாருங்க. விபத்தால வேலைக்குப் போக முடியாம போச்சு, அதனால நஷ்டமான சம்பாத்தியம்னு ஒரு கணக்கு போட்டிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் மாசம் இவ்வளவு சம்பாதிச்சார்னு உங்க வக்கீல் காட்டியிருக்கார். ஆனா டிரைவிங் ஸ்கூல் குடுத்த சம்பளம் இதுல பாதிதான். மீதிப் பாதிக்கு உங்க வீட்டுக்காரர் ஒரு வருஷம்கூட வரி கட்டினதில்ல. நாலு வருஷமா.”

‘வக்கீல் ஏத்தி எழுதியிருப்பார்’ என்று அவள் வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது மேடம்.”

“தெரிஞ்சவங்கள கேட்டுட்டு வாங்க. அந்த வருமானம் நிஜமா, இல்லையா? எதுவா இருந்தாலும் எழுத்துல வேணும்.”

*

வக்கீலின் அறை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. தோல் வாசனை படியேறி வந்து அறையிலேயே குடியிருந்தது. அவள் உட்காரவில்லை.

“என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க? கூடக் கொஞ்சம் வாங்கித் தரேன்னு பொய்க் கணக்கு காட்டினீங்களா? இப்போ மொத்தமும் மாட்டிக்கிச்சு.”

வக்கீல் கோபப்படவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“அம்மா, சுருக்கமாச் சொல்றேன். அந்த வருமானம் நிஜம்னு ஒத்துக்கிட்டா பழைய வரியும் அபராதமும் கட்டணும். கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். பொய்னு சொன்னீங்கன்னா இன்ஷூரன்ஸ்காரன் ஏமாத்திட்டாங்கன்னு வருவான். குடுத்த காசைத் திருப்பிக் கேப்பான். உங்க வீட்டுக்காரர் மேல கேஸ் வரும், என் மேலயும் வரும்.”

“அப்போ சம்பாதிக்காத காசுக்கு நாங்க வரி கட்டணும். அதானே?”

“சம்பாதிக்காத காசுன்னு யார் சொன்னா?”

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். நீல அட்டை, ஓரம் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ஆள், எத்தனை மணி நேரம், வாங்கிய தொகை. காலை ஐந்திலிருந்து ஏழு. காலை ஐந்திலிருந்து ஏழு. பக்கம் பக்கமாக அதேதான். எழுத்து அவளுக்குத் தெரிந்த எழுத்து. அவன் சுழியை எப்போதும் மேலே கொண்டுபோய் வாலை நீட்டி விடுவான். மளிகைச் சீட்டில்கூட அப்படித்தான் எழுதுவான்.

“அவரே குடுத்தார்” என்றார் வக்கீல். “தனியா கிளாஸ் எடுத்திருக்கார். இதுல இருக்கறவங்கள்ல ஆறு பேர் வந்து சாட்சி சொன்னாங்க. வீட்ல சொல்ல வேணாம்னு மட்டும் கேட்டுக்கிட்டார். நானும் எதுக்குன்னு கேக்கல.”

காலை ஐந்திலிருந்து ஏழுவரை அவன் பள்ளிக் கார்களைக் கழுவப் போவதாகத்தான் சொல்லியிருந்தான். நாலு வருடம். மழை நாளில்கூட.

அவளுக்கு நாற்காலி தேவைப்பட்டது.

*

எழுபத்திரண்டு படியையும் அவள் எப்படி ஏறினாள் என்று தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் போய் நின்றாள். அவன் அவளைப் பார்த்தே ஆகவேண்டிய இடம் அது.

“யாருக்குக் குடுத்தீங்க?”

“எதை?”

“நீல நோட்டைப் பாத்துட்டு வரேன். நாலு வருஷம் விடிகாலைல எழுந்து சம்பாதிச்சீங்களே, அந்தக் காசை யாருக்குக் குடுத்தீங்க? வேற குடும்பம் இருக்கா? இருந்தா சொல்லிடுங்க, இப்போ அதுக்கு அழக்கூட எனக்கு நேரம் இல்ல.”

“அலமாரில கீழ் டிராயரை வெளிய இழு. அடில காகிதம் விரிச்சிருக்கு பாரு, அதுக்குக் கீழ” என்றான்.

காகிதத்துக்குக் கீழே ரசீதுகள். எட்டு. எல்லாம் ஒரே கல்லூரியின் ரசீது, ஆறு மாதத்துக்கு ஒன்று. மாணவி பெயர் இருக்கும் இடத்தில் அவர்கள் மகளின் பெயர். அவற்றோடு மடித்து வைத்த ஒரு கடிதம்: ‘உதவித்தொகைக்கான தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பதை வருத்தத்துடன்…’

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

மகள் பள்ளி முடித்த வருடம் அவள் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தாள்: உதவித்தொகை கிடைத்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் தன்னோடு இஸ்திரிக்கு வரட்டும். ஒரு மாதம் கழித்து அவன் வேலையிலிருந்து வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். கிடைத்துவிட்டது என்றான். அன்றிலிருந்து சலவைக்கூடத்தில் அவள் வாய் ஓயவில்லை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அவள் வாயால் இதைக் கேட்டாக வேண்டும்: முழு உதவித்தொகையில் எக்ஸ்ரே படிப்பு, ஒரு பைசா செலவில்லை, மூளை அப்படி. அந்த மகள் இப்போது வேறொரு ஊரில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். வாத்தியாரின் மாத்திரைச் செலவு மொத்தமும் அவளுடையது.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆறு மார்க்ல போச்சு. தெரிஞ்சா படிக்க மாட்டேன்னு சொல்லியிருப்பா. நீயும் வேணாம்னு சொல்லியிருப்ப.”

“ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே! என்னை ஒரு கோமாளி மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் காதுல சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா நீ அதைச் சொல்றப்போ உன் மூஞ்சியப் பாக்க நல்லா இருக்கும்.”

அவள் ரசீதுகளைத் தரையில் வீசினாள். “என்கிட்ட எல்லாத்தையும் மறைச்சீங்க. அதனால இப்போ வீடு போகப் போகுது. தெரியுதா? வீடு போகப் போகுது!”

“நீ மறைக்கலையா?” என்றான் அவன். குரல் உயரவில்லை. “ஜன்னல் கொக்கில கம்பி சுத்தி வெச்சிருக்கியே, நான் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? காத்து நின்னு போனப்பவே தெரிஞ்சுபோச்சு.”

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“நான் கேட்டது நிஜமாத்தான் கேட்டேன்” என்றான். “இப்போ கேக்கல. அந்த வாசல்ல படியே இல்லைன்னு நீ வந்து சொன்ன அன்னைலேருந்து கேக்கல.”

அவள் எழுந்து, ரசீதுகளைப் பொறுக்கி, தேதிவாரியாக அடுக்கினாள்.

*

வியாழக்கிழமை அதிகாரி எட்டு ரசீதையும் நோட்டையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். ‘எந்த வகை வருமானம்’ என்ற இடத்தில் அவன் கைப்பட எழுதி அனுப்பியிருந்தான்: ‘விடிகாலையில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து வந்தது. மகள் படிப்புக்குச் செலவானது. வரி கட்டாதது என் தப்பு.’

“இவர் இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே” என்றாள் அதிகாரி. “நஷ்ட ஈடு கேக்கறப்போ சம்பளத்தை மட்டும் காட்டியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.”

“காசு கம்மியா வந்திருக்கும். அந்த வீடு வாங்க முடியாது மேடம்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள். “காசை எங்கயும் பதுக்கலைன்னு ரசீது சொல்லுது. அபராதத்தைக் குறைச்சு எழுதறேன், அது என் கையில இருக்கு. வரியையும் வட்டிக்கான வரியையும் இந்தக் கணக்குலேருந்தே எடுத்துக்கிட்டு மீதியை விடச் சொல்லி உத்தரவு போடலாம்.”

“இன்னைக்கே?”

“எனக்கு மேல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அவர் திங்கக்கிழமைதான் வருவார்.”

“மேடம்…” அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “கால்ல வேணும்னாலும் விழறேன். நாளைக்குப் பதினோரு மணி. அவர் மூணு வருஷமாத் தெருவைப் பாக்கல.”

அதிகாரி உண்மையிலேயே எழுந்து போனாள். உள்ளே இரண்டு அறைகளில் கேட்டாள், ஒரு தொலைபேசி எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். கண்ணாடித் தடுப்பு வழியாக எல்லாம் தெரிந்தது. திரும்பி வந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே அவள் வீட்டை விற்பவரின் வாசலில் நின்றாள். உள்ளே ஏற்கெனவே ஒரு கணவனும் மனைவியும் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“திங்கக்கிழமை சாயங்காலம் முழுசும் குடுத்துடறேன் ஐயா. இதோ வரி ஆபீஸ் சீட்டு. மூணே நாள்.”

“நான் கல்நெஞ்சுக்காரன் இல்லம்மா” என்றார் அவர். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “ஞாயித்துக்கிழமை பையன்கிட்ட கிளம்பறேன். டிக்கெட் எடுத்தாச்சு. திங்கக்கிழமை உங்களுக்கு மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா நான் எங்கிருந்து வர்றது? முன்பணத்துல பாதியைத் திருப்பித் தரேன். முழுசும் தரணும்னுதான் ஆசை. முடியல.”

அவள் அந்தப் பாதியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். இரண்டாவது மாடி தாண்டியதும் நின்றுவிட்டாள். அங்கேயே படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மேலே சத்தம் கேட்டுவிடக் கூடாது.

கருவிப் பையோடு வெளியே வந்த பிளம்பர் அவளைப் பார்த்துவிட்டு, இரண்டு படி தள்ளி அவனும் உட்கார்ந்தான். முழுக் கதையையும் கேட்டான்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. வாங்கித்தான் ஆகணுமா? வாடகைக்குப் போனா ஆகாதா?”

“வாடகைக்குத் தேடாமலா இருந்தோம்? கீழ் வீடுன்னா பத்து மாச வாடகையை முன்னாடியே கேட்டாங்க. அப்போ எங்ககிட்ட ஏது?”

“இப்போதான் திங்கக்கிழமை கைல காசு இருக்குமே.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். வீடு வாங்க வேண்டும் என்பதே மண்டைக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கியிருந்ததில், வேறெதுவும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

“வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்துல ஒரு வீடு சும்மா கிடக்கு” என்றான் பிளம்பர். “குழாய் நான்தான் போட்டேன். நல்ல வீடுன்னு சொல்ல மாட்டேன். சத்தம் காதைப் பிளக்கும், அதனாலதான் யாரும் வர்றதில்ல. ஆனா தரையோட தரையா இருக்கு.”

*

திங்கட்கிழமை கையெழுத்து விழுந்தது. புதன்கிழமை பணம் கைக்கு வந்தது. நாலு வருட வரி, குறைத்த அபராதம், வட்டிக்கான வரி எல்லாம் போக மீதி. முன்பணத்தில் பாதியும் போய்விட்டதில், அதே வீடு இன்னும் விற்பனைக்கு இருந்திருந்தாலும் இப்போது வாங்கியிருக்க முடியாது. அந்த வாரம் மகள் போனில், “பதிவு முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டபோது, வீடு தட்டிப்போனதை மட்டும் சொன்னாள். ரசீதுகள் பழையபடி டிராயர் காகிதத்துக்குக் கீழே போயின. சலவைக்கூடத்தில் யாரோ மகளைப் பற்றி விசாரித்தபோது, “முழு உதவித்தொகைல படிச்சவ” என்று வழக்கம்போல ஆரம்பித்து, பாதியில் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

மாதக் கடைசியில் நான்கு பேர் வாத்தியாரைப் பன்னிரண்டாவது முறையாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இந்த முறை ஆஸ்பத்திரிக்கு இல்லை. “மெதுவா, மெதுவா, திருப்பத்துல இடிக்கப் போற” என்று அவன் வழி முழுக்க அதட்டிக்கொண்டே வந்தான்.

புது வீட்டில் மறுநாள் அவள் மனசில்லாமல்தான் வேலைக்குப் போனாள். நான்கு மணிக்குத் திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. கட்டிலை ஒட்டி நிறுத்தியிருந்த புதுச் சக்கர நாற்காலியையும் காணோம். பட்டறைக்காரனைக் கேட்டாள். அவன் முகமூடியைத் தூக்கி, தெரியாது என்று கையை விரித்தான். பையைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினாள்.

அவன் மூன்றாவது திருப்பத்தில் இருந்தான். நாற்காலியின் முன் சக்கரம் சாக்கடை மூடியின் இடுக்கில் மாட்டியிருந்தது. வெயிலில் முகமெல்லாம் சிவந்து, சட்டை நனைந்து, ஒரு வேன்காரனோடு உச்சக் குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

“நடைபாதைல வண்டிய ஏத்தி நிறுத்தினா மனுஷன் எப்படிய்யா போறது? யாருய்யா உனக்கு லைசென்ஸ் குடுத்தது?”

அவளைப் பார்த்ததும் பேச்சை அவள் பக்கம் திருப்பினான். “நீ பாட்டுக்குச் சாவகாசமா வர! முக்கால் மணி நேரமா மாட்டிக்கிட்டு நிக்கறேன். தண்ணி இருக்கா?”

அவள் அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். வேன்காரன் தயங்கித் தயங்கி இறங்கி வந்து, சக்கரத்தைத் தூக்கிவிடக் குனிந்தான்.